தெஹிவளையிலிருந்து ரிதியகம வரை

கொழும்பு மாநகரின் தென்புறத்தே, வெள்ளவத்தையைக் கடந்து காலி வீதி வழியே செல்வோர் தெஹிவளைச் சந்தியை அடைவர். சந்தியிலிருந்து உட்புறமாகத் திரும்பிச் சிறிது தூரம் சென்றால், வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கும் தெருக்களின் நடுவே தேசிய மிருகக்காட்சிசாலை அமைந்திருக்கக் காணலாம். அதனை அடுத்து வாழ்வோருக்குச் சிங்கத்தின் முழக்கம் புதிதன்று. ஊர் அடங்கிய இரவிலும், பொழுது புலர்வதற்குச் சற்று முன்னரும் அக்குரல் மதில்களைத் தாண்டி வந்து, உறங்குவோர் செவியிற் படுவதுண்டு.

சிங்கத்தின் முழக்கம் அமைதியான இரவில் எட்டுக் கிலோமீற்றர் தொலைவு வரையிலும் கேட்கக்கூடியது என்று விலங்கியலார் கூறுவர். அது பெரும்பாலும் கோபத்தால் எழுவதன்று; பசியால் எழுவதுமன்று. 'இந்நிலம் எம்முடையது, எம் கூட்டத்தார் இங்கு உள்ளனர், அயலார் விலகிப் போவாராக' என்பதே அதன் பொருள். ஆபிரிக்கப் புல்வெளிகளில் ஒரு சிங்கக் கூட்டம் தனதென்று காக்கும் நிலம் இரை மிகுந்த இடத்தில் இருபது சதுர கிலோமீற்றராகவும், இரை அருகிய இடத்தில் நானூறு சதுர கிலோமீற்றராகவும் இருக்கும். தெஹிவளை மிருகக்காட்சிசாலை முழுவதுமோ இருபது ஏக்கரைச் சற்றே கடந்தது. அதாவது ஒரு சதுர கிலோமீற்றரில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. அந்நிலத்தைச் சிங்கம் ஒன்றே ஆள்வதுமில்லை. பறவைகளும் மீன்களும் உட்பட ஏறத்தாழ மூவாயிரம் உயிர்கள் அதனைப் பங்கிட்டுக்கொண்டன.

இவ்விரண்டு அளவுகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை நினைவிற் கொண்டால், விலங்குகளை மக்களுக்குக் காட்டும் முறை அண்மைக் காலத்தில் ஏன் மாறியது என்பது விளங்கும். கூண்டினுள் விலங்கும் வெளியே மனிதரும் நின்ற பழைய ஒழுங்கு தலைகீழாயிற்று. இன்று தென்னிலங்கையில் ரிதியகம என்னும் இடத்தில் மனிதர் பஸ் வண்டியினுள் அடைபட்டிருக்க, சிங்கம் வெளியே உலவுகின்றது. அம்மாற்றம் எவ்வாறு வந்தது, அதில் விலங்குக்கு எய்திய நன்மை யாது, பஸ்ஸில் அமர்ந்து காண்போரிடம் அது எதிர்பார்ப்பது யாது என்பன ஆராயத்தக்கவை.

தெஹிவளையின் கதை ஜேர்மானிய வணிகக் குடும்பமொன்றோடு தொடங்குகின்றது. ஹம்பர்க் நகரின் ஹாகன்பெக் குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில், பல நாடுகளிலும் காட்டு விலங்குகளைப் பிடித்து விற்கும் வாணிகத்தில் முதன்மை பெற்றிருந்தனர். அவர்களுள் மூத்தவரான கார்ல் ஹாகன்பெக் இரு செயல்களுக்காக நினைக்கப்படுகின்றார். ஒன்று புகழுக்குரியது, மற்றொன்று இன்று நாணத்தக்கது. 1907ஆம் ஆண்டில் அவர் ஹம்பர்க்கின் புறநகராகிய ஸ்ரெலிங்கனில் கம்பிகளற்ற விலங்குக் காட்சிசாலை ஒன்றைத் திறந்தார். ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தூரம் பாயும், எவ்வளவு உயரம் தாவும் என்று அளந்து, அதற்கேற்ற அகழியை வெட்டி, அகழிக்கு அப்பால் பாறையும் மரமும் அமைத்து விலங்குகளை உலவவிட்டார். உலகின் மிருகக்காட்சிசாலைகள் பலவும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றின. நாணத்தக்க செயல் யாதெனில், விலங்குகளோடு மனிதரையும் காட்சிப் பொருளாக்கியமையே. 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு இந்நாட்டு மக்களும் ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டு, கட்டணம் செலுத்தியவர்களுக்குக் காட்டப்பட்டனர். பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்னும் வினாவில் எவ்வளவு அநீதி மறைந்திருக்கலாம் என்பதற்கு அஃதொரு சான்று.

கார்ல் ஹாகன்பெக்கின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியாகிய ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலே குடியேறி வாணிகம் நடத்தியவர். இலங்கையிலும் அயல்நாடுகளிலும் பிடிக்கப்பட்ட விலங்குகளைக் கப்பலேற்றும் வரை வைத்திருக்க அவருக்கு ஓரிடம் வேண்டியிருந்தது. அத்தகைய விலங்குத் தொகுதியே தெஹிவளைக் காட்சிசாலைக்கு அடிப்படையாயிற்று. அதனை நடத்திய கம்பனி 1936இல் கலைக்கப்பட்டபோது அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் அதன் பரப்பு 11 ஏக்கர். பின்வந்த ஆண்டுகளில் அதன் வளர்ச்சியோடு நெடுங்காலம் இணைத்துப் பேசப்பட்ட பெயர் மேஜர் ஓப்ரி வைன்மனுடையது. மலர்ச்செடிகளும் நிழல்மரங்களும் நிறைந்த அச்சோலை ஆசியாவின் அழகிய மிருகக்காட்சிசாலைகளுள் ஒன்றெனப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கொழும்புக்குச் சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகள் தெஹிவளையைக் காணாமல் திரும்பியது அரிது. மாலையில் நடைபெற்ற யானை ஆட்டத்தை முன்வரிசையில் அமர்ந்து கண்ட நினைவு அக்காலத்து மாணவர் பலருக்கு இன்றும் நீங்காதிருக்கும்.

ஆனால் ஊர் வளர்ந்தது, சோலை வளரவில்லை. நாற்புறமும் வீடுகள் எழுந்தபின் தெஹிவளைக்கு விரிந்து செல்ல இடமில்லாது போயிற்று. இந்நிலை தெஹிவளைக்கு மட்டும் உரியதன்று. சென்னையில் 1855ஆம் ஆண்டில் எட்வர்ட் பல்ஃபர் தொடங்கிய காட்சிசாலை, பின்னர் மத்திய புகையிரத நிலையத்தின் அருகேயுள்ள பூங்காவில் நெடுங்காலம் இருந்தது. நகரின் இரைச்சலும் நெருக்கடியும் அதனைச் சூழ்ந்தபோது, வண்டலூரில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட காப்புக்காட்டு நிலம் ஒதுக்கப்பட்டு, 1985இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கும் சிங்கங்களை வாகனத்தினுள் இருந்தவாறு காண்பதற்கு இடம் வகுக்கப்பட்டது. இங்கிலாந்தில் லோங்லீற் என்னும் பிரபுவின் மாளிகைத் தோட்டத்தில் 1966இல் சிங்கங்களை உலவவிட்டு, மக்களை மோட்டார் வாகனங்களில் ஊடே செல்லவிட்டதே ஆபிரிக்காவுக்கு வெளியே இத்தகைய பூங்காக்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது.

இலங்கையில் இம்மாற்றம் யானையோடு தொடங்கியது எனலாம். தாயை இழந்த யானைக் கன்றுகளைப் பேணுவதற்கு 1975இல் பின்னவலையில் ஒரு நிலையம் அமைந்தது. தெஹிவளையில் சில காலம் வளர்க்கப்பட்ட கன்றுகளும் அங்குக் கொண்டு செல்லப்பட்டன. தென்னந்தோப்பும், அருகே ஓடும் மா ஓயா ஆறும் தெஹிவளை கொடுக்க இயலாதவற்றை அவற்றிற்குக் கொடுத்தன. 1984இல் அங்கேயே ஒரு கன்று பிறந்தது. இடம் கிடைத்தால் உயிர் தழைக்கும் என்பதற்கு அதுவே விடையாயிற்று. 2015இல் பின்னவலையில் விலங்குப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. மறு ஆண்டு, 2016இல், அம்பாந்தோட்டை மாவட்டத்தின் ரிதியகமவில் ஏறத்தாழ 500 ஏக்கர் நிலத்தில் இலங்கையின் முதலாவது சபாரிப் பூங்கா திறந்துவைக்கப்பட்டது. தெஹிவளையையும் பின்னவலையையும் நிருவகிக்கும் தேசிய விலங்கியல் பூங்காத் திணைக்களமே அதனையும் நடத்துகின்றது.

கொழும்பிலிருந்து ரிதியகம செல்வோர் முன்னர் காலி, மாத்தறை வழியே கரையோரமாக ஒரு பகல் முழுவதும் பயணஞ்செய்ய வேண்டியிருந்தது. 2011இல் காலி வரை திறக்கப்பட்ட தெற்கு அதிவேக வீதி 2020இல் அம்பாந்தோட்டைப் பகுதியையும் எட்டியபின் பயணம் எளிதாயிற்று. வழியில் நிலத்தின் தோற்றம் மாறுவதைக் கவனிப்பது நன்று. இறப்பரும் தென்னையும் நெருங்கிய ஈரநிலம் பின்தங்க, முட்செடியும் குட்டைமரமும் வெளிறிய மண்ணும் கொண்ட உலர்நிலம் எதிர்ப்படும். வளவை கங்கையின் அயலில், குளங்களும் வயல்களும் இடையிடையே அமைந்த நாடு அது. ஆபிரிக்கச் சிங்கத்துக்கு ஈரமிகுந்த தெஹிவளையைக் காட்டிலும் இவ்வுலர்நிலம் இயல்பானது.

பூங்காவினுள் எவரும் தத்தம் வாகனத்திலோ காலாலோ செல்வதில்லை. நுழைவுச் சீட்டுப் பெற்றபின், பூங்காவுக்குரிய பஸ்ஸில் ஏற வேண்டும். நிலம் தனித்தனி வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சிங்கங்களுக்கு ஒன்று, யானைகளுக்கு ஒன்று, பிறநாட்டுப் புல்லுண்ணிகளுக்கு ஒன்று என அவை அமைந்திருக்கும். ஒரு வலயத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வாயிலே இத்தகைய பூங்காக்கள் யாவற்றினதும் உயிர்நாடி. அங்கே ஒரு கதவுக்குப் பதிலாக இரு கதவுகள் உள்ளன. முதற்கதவு திறக்க வண்டி உள்ளே நுழையும். பின்னர் அக்கதவு மூடப்படும். அது மூடப்பட்டமை உறுதியான பின்னரே இரண்டாங் கதவு திறக்கும். இரண்டும் ஒருங்கே திறந்திருக்கும் கணம் ஒன்று இருத்தலாகாது. நீர்த்தடத்திற் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகளை ஒத்தது இவ்வேற்பாடு.

வண்டி மெல்ல ஊர்ந்து செல்லும். சாலையோரத்து மரநிழலில் சிங்கங்கள் படுத்திருக்கும். பஸ் பத்தடி தூரத்தில் நின்றாலும் அவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் கண்ணை மூடிக்கொள்ளும். முதன்முறை காண்போருக்கு இது வியப்பாயிருக்கும்; சிலருக்கு ஏமாற்றமாகவும் இருக்கும். சிங்கம் ஏன் வண்டியைப் பொருட்படுத்துவதில்லை? நாள்தோறும் வந்து போகும் அப்பெரிய உருவம் இரையுமன்று, பகையுமன்று என்பதை அது பழக்கத்தால் அறிந்துள்ளது என்பதே விடை. வண்டியையும் அதனுள்ளிருப்போரையும் அது தனித்தனியே பிரித்துக் காண்பதில்லை. எல்லாம் சேர்ந்த ஒரே பொருளாகவே காண்கின்றது என்று வழிகாட்டிகள் கூறுவர். ஒருவர் எழுந்து தலையை வெளியே நீட்டினாலோ, கையை அசைத்தாலோ அவ்வுருவம் குலைந்து, அதிலிருந்து ஒரு மனிதன் பிரிந்து தோன்றுவான். 'யன்னலுக்கு வெளியே கை நீட்டாதீர்' என்னும் அறிவித்தலின் உட்பொருள் இதுவே.

சிங்கம் உறங்குவதைக் கண்டு சலிப்புறுவோர் அதன் இயல்பை அறியாதவர். வயிறு நிறைந்த சிங்கம் ஒரு நாளில் இருபது மணித்தியாலம் வரையிலும் ஓய்ந்து கிடக்கும். ஆற்றலைச் சேமித்துவைத்து, வேட்டையின்போது சில கணங்களில் செலவிடுவதே அதன் வாழ்க்கை முறை. காட்டிலும் அது அவ்வாறே உறங்கும். எனவே பஸ்ஸிலிருந்து காணும் உறங்கும் சிங்கம் நடிப்பற்ற சிங்கம். யன்னலைத் தட்டியும் கூச்சலிட்டும் அதனை எழுப்ப முயல்வது, தெஹிவளையின் கம்பிக்கு முன்னின்று கல்லெறிந்த பழக்கத்தைப் பஸ்ஸினுள்ளும் கொண்டு வருவதாகும். வெயில் ஏறுமுன் காலையிலும், வெயில் தணிந்த பின் மாலையிலும் விலங்குகள் எழுந்து நடமாடும். நண்பகலில் வந்து, 'ஒன்றும் அசையவில்லை' என்று குறைகூறுவதிற் பயனில்லை.

இங்கு ஓர் உண்மையை மறைத்தலாகாது. சபாரிப் பூங்கா காடு அன்று. ரிதியகமச் சிங்கம் வேட்டையாடுவதில்லை. அதற்குரிய இறைச்சியைப் பராமரிப்பாளரே இடுகின்றனர். அது காணும் தொடுவானத்துக்கு முன்னே ஒரு வேலி நிற்கின்றது. இன்றைய இலங்கைக் காடுகளில் சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை. ஆயினும் பழங்காலத்தில் இத்தீவிலும் சிங்கம் வாழ்ந்தது. இரத்தினபுரிக்கு அண்மையில் குருவிட்டவில் கிடைத்த இரு பற்களைக் கொண்டு பி. ஈ. பி. தெரணியகல 1939இல் அதனை ஒரு தனிக் கிளையாக விவரித்தார். அது மறைந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. ஆகவே ரிதியகமவிற் காணப்படுவது இந்நாட்டுக் காட்டின் ஒரு துண்டு அன்று. விலங்குக்குக் கூடுதலான இடம் கொடுத்து அமைத்த காட்சிசாலையே. இடம் மிகுந்தமையால் அது நடக்கலாம், ஓடலாம், தன் கூட்டத்தோடு சேரலாம், மனிதர் கண்ணிற் படாமல் புதருக்குள் மறையவும் செய்யலாம். விலங்குக்கு எய்திய நன்மைகளுள் இவ்விறுதியானதே பெரிது. தெஹிவளையின் பழைய கூண்டுகளில் அதற்கு மறைந்து கொள்ளும் உரிமை இருக்கவில்லை.

இதே பயணத்தில் உண்மைக் காட்டையும் காண விரும்புவோருக்கு யால அண்மையிலேயே உள்ளது. வில்பத்துவோடு யாலவும் 1938ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே சிங்கம் இல்லை; சிறுத்தையே பெரிய வேட்டைவிலங்கு. தன்னினும் வலிய பூனையினம் எதுவும் இல்லாமையால், இலங்கைச் சிறுத்தை மறைவுக்கு அஞ்சாது பகலிலும் பாறை மீது படுத்திருப்பதுண்டு. உலகில் சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களுள் யாலவின் முதலாம் பிரிவும் ஒன்றாகும். ஆயினும் ரிதியகமவில் சீட்டுப் பெற்றவருக்குச் சிங்கத்தைக் காணும் வாய்ப்பு ஏறத்தாழ உறுதியானது. யாலவிற் சீட்டுப் பெற்றவருக்கோ எவ்வுறுதியும் இல்லை. நாள் முழுவதும் சுற்றியும் ஒரு மயிலையும் சில மான்களையும் மட்டும் கண்டு திரும்புவோர் உண்டு. அவர்கள் ஏமாற்றப்பட்டவர் அல்லர். காணப்படுவதா, மறைவதா என்று விலங்கே முடிவு செய்யும் இடம் காடு.

அம்முடிவை மதிக்காத மனப்பான்மை யாலவையும் வருத்தியுள்ளது. ஓரிடத்திற் சிறுத்தை தென்பட்டதெனக் கைத்தொலைபேசியிற் செய்தி பரவியதும், ஜீப் வண்டிகள் பல திசைகளிலிருந்தும் அங்கு விரைந்து நெரிசலை உண்டாக்கும். புழுதியும் இரைச்சலும் எழ, சிறுத்தை மறையும்; வழியிற் குறுக்கிடும் சிறு விலங்குகள் சக்கரத்தில் அகப்பட்டு மாளும். பல வண்டிகளில் சிலசிலராகச் செல்வதைக் காட்டிலும், பலர் ஒரே பஸ்ஸில் மெல்லச் செல்வது விலங்குக்குக் குறைந்த தொல்லை தரும் என்பதை ரிதியகமவின் ஒழுங்கு காட்டுகின்றது.

வாகனத்திலிருந்து வனவிலங்கைக் காண்பது தமிழ் மக்களுக்குப் புதிய அனுபவமன்று. கதிர்காம யாத்திரை செய்தோர் பலரும் அதனை அறிவர். இன்றும் கிழக்குக் கரையிலிருந்து பாதயாத்திரையாகச் செல்லும் அடியார்கள் உகந்தை முருகனை வணங்கி, குமண, யால வனங்களின் ஊடே பல நாள் நடந்தே கதிர்காமத்தை அடைகின்றனர். யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் காட்டில் அவர்கள் கூட்டமாக, அரோகரா ஒலியோடு, விலங்குக்குத் தம் வரவை அறிவித்துக்கொண்டு நடக்கின்றனர். அதன் வீட்டினூடே தாம் விருந்தினராகச் செல்கின்றோம் என்னும் எண்ணம் அந்நடையில் உண்டு.

அதே கதிர்காமத்துக்குப் புத்தளை வழியாக வாகனத்திற் செல்வோரிடம் வேறொரு பழக்கம் வளர்ந்துள்ளது. அவ்வீதியில் காட்டு யானைகள் வழிமறித்து நிற்பதுண்டு. பஸ்ஸிலும் வான்களிலும் செல்லும் யாத்திரிகர், அச்சத்தாலும் அன்பாலும், பூசைக்குக் கொண்டு செல்லும் வாழைப்பழத்தை நீட்டுவர். உடவளவையில் மின்வேலியோரம் நிற்கும் யானைகளுக்கும் வழிப்போக்கர் கரும்பும் பழமும் இடுவதுண்டு. ஒரு யானை நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோகிராம் வரை உணவு கொள்ளும். பத்து வாழைப்பழம் அதன் பசியைத் தீர்க்கப் போவதில்லை. ஆனால் மனிதனை அணுகினால் இனிய உணவு கிடைக்கும் என்னும் பாடத்தை அது கற்றுக்கொள்ளும். பழம் கொடாத வண்டியின் யன்னலை உடைக்கவும், பைகளை இழுக்கவும் தொடங்கும். பின்னர் அதன் பெயர் 'கொடிய யானை' என்றாகும். கொடுமையைக் கற்பித்தது யானையன்று.

இஃது அற்பமான செய்தியன்று. யானைக்கும் மனிதருக்கும் இடையிலான மோதலில் இலங்கையில் 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. 100க்கும் மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். காடு சுருங்குதலும், வயலும் குடியிருப்பும் யானைத் தடத்தில் எழுதலுமே இதற்கு முதற்காரணங்கள். மனிதருக்கு அருகே வரப் பழகிய யானை அம்மோதலுக்கு எளிதில் இலக்காகும். பழத்தோடு எறியப்படும் பொலித்தீன் உறையும் அதன் வயிற்றுக்குட் சென்று குடலை அடைக்கும். அம்பாறைப் பகுதியிற் குப்பைமேட்டில் உணவு தேடிய யானைகள் பிளாஸ்ரிக்கை விழுங்கி மாண்ட செய்தி 2022இல் உலகெங்கும் பேசப்பட்டது. ஆகவே, வனத்தினூடே செல்லும் பஸ்ஸில் அன்பின் அடையாளம் கொடுப்பதன்று; கொடாதிருப்பதே.

இனி, பஸ்ஸில் அமர்ந்து விலங்கைக் காண்பது எவ்வாறு? அதுவும் கற்கத்தக்க ஒரு பயிற்சியே. நகரத்துக் கண் முழு உருவத்தைத் தேடும். படத்திற் கண்ட யானையை, படத்திற் கண்ட மானைத் தேடும். காட்டில் முழு உருவம் எளிதிற் கிடைப்பதில்லை. இலைகளின் நடுவே அசையும் ஒரு செவி, நிழலில் ஆடும் ஒரு வால், பாறைமேல் பாறையல்லாத ஒரு வளைவு ஆகியவற்றையே தேட வேண்டும். உருவத்தைக் காட்டிலும் அசைவு முதலிற் புலப்படும். செவியும் கண்ணுக்குத் துணை. மரத்தின் மேலிருக்கும் மந்திகள் திடீரெனக் குரைப்பதுபோல் ஒலியெழுப்பினாலோ, புள்ளிமான் கூரிய குரலில் கூவினாலோ, அருகே சிறுத்தை நடமாடுகின்றதென்று கொள்ளலாம். இக்குரல்கள் பேச்சொலி நிறைந்த வண்டியிற் கேளா. எஞ்சினை நிறுத்தி, பேச்சையும் நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருப்போருக்குக் காடு காட்டும் காட்சி, ஐம்பது கிலோமீற்றர் விரைந்து ஓடுவோருக்குக் கிடைப்பதில்லை.

காலமறிந்து செல்வதும் வேண்டும். பாலைப்பழத்தின் சுவையை வன்னியில் வாழ்ந்தோர் நன்கறிவர். அப்பழம் பழுக்கும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் யாலவில் கரடியைக் காணும் வாய்ப்பு மிகுதி. பிற காலங்களில் நிலத்தைத் தோண்டிக் கறையானைத் தேடித் திரியும் அக்கூச்சமுள்ள விலங்கு, பாலைப்பழ ஆசையால் பகலிலும் மரமேறும். மரத்தடியில் உதிர்ந்த பழத்தையும் தின்னும். வரட்சி முற்றி நீர்நிலைகள் சுருங்கும் வேளையில் யானை முதலாய பல விலங்குகள் எஞ்சிய குளங்களை நாடி வரும். வரட்சி கடுமையாகும்போது, பெரும்பாலும் செப்ரெம்பர் மாதமளவில், யாலவின் முதலாம் பிரிவு சில வாரங்கள் மூடப்படுவது வழக்கம். அக்காலம் விலங்குகளுக்கு விடப்பட்ட ஓய்வு என்று கருதுதல் தகும்.

பிள்ளைகளோடு செல்வோர் எத்தனை விலங்கு கண்டோம் என்று எண்ணச் செய்வதைக் காட்டிலும், கண்ட ஒன்றை நன்கு கவனிக்கச் செய்வது மேலானது. யானை புல்லைப் பிடுங்கியவுடன் உண்பதில்லை. காலில் தட்டி மண்ணை உதிர்த்த பின்னரே வாயிலிடும். அது செவியை ஓயாமல் அசைப்பது விளையாட்டன்று. செவியின் மெல்லிய தோலில் ஓடும் இரத்தத்தைக் குளிரச்செய்து உடற்சூட்டைத் தணிப்பதற்காகும். இத்தகைய ஒன்றிரண்டைத் தாமாகக் கண்டறிந்த பிள்ளை, நூறு விலங்கின் பெயரை மனனஞ் செய்த பிள்ளையிலும் மிகுதியாகக் கற்றதாகும். கைத்தொலைபேசியின் சிறு திரையூடாகவே முழுப் பயணத்தையும் பார்ப்பவர் இவற்றுள் எதனையும் காணார்.

ரிதியகமவும் யாலவும் இருக்க, தெஹிவளை இனித் தேவைதானா என்ற வினா எழுவது இயல்பு. ஒரு பக்கத்தார், நகரின் நடுவே பெரிய விலங்குகளை அடைத்துவைப்பது இக்காலத்துக்கு ஒவ்வாதென்பர். மறுபக்கத்தார், கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ சிறு வீட்டில் வாழும் குடும்பம் நினைத்தவுடன் இருநூறு கிலோமீற்றர் செல்ல இயலுமா என்று கேட்பர். இரண்டிலும் நியாயமுண்டு. பஸ்ஸில் ஏறிச் சிறிது நேரத்தில் அடையத்தக்க தெஹிவளையிலேயே கொழும்புப் பிள்ளைகள் பலர் யானையையும் சிங்கத்தையும் முதன்முதலாகக் காண்கின்றனர். அதனை ஒரேயடியாக இழப்பது ஏழைப் பிள்ளைகளின் இழப்பாகும். ஆனால் அவர்கள் காண்பது சலிப்புற்று ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கும் விலங்காக இருப்பின், அவர்கள் கற்கும் பாடம் தவறானது. நெடுந்தூரம் உலவும் யானையும் சிங்கமும் விரிந்த நிலத்துக்குச் செல்ல, சிறிய இடத்தில் நலமாக வாழும் பறவைகளுக்கும் மீன்களுக்கும் ஊர்வனவற்றுக்கும் சிறு விலங்குகளுக்கும் தெஹிவளைச் சோலை உரியதாகுமாயின், இரு சாராரின் நியாயமும் காக்கப்படலாம். அவ்வாறு செய்வதற்குப் பணமும் காலமும் வேண்டும்; பெரிய விலங்கு இல்லாத காட்சிசாலைக்கும் சீட்டு வாங்கி வரும் மக்களும் வேண்டும்.

இறுதியில் இது காண்போரின் மனத்தையே சார்ந்து நிற்கின்றது. விலங்கு எப்பொழுதும் கண்முன் நிற்க வேண்டும், எழுந்து ஆட வேண்டும், உறுமிக் காட்ட வேண்டும் என்று மக்கள் கேட்கும் வரை, அவற்றுக்குக் கூண்டும் சங்கிலியும் வேண்டியிருக்கும். உறங்கும் சிங்கத்தை உறங்கவிட்டு, புதருக்குள் மறைந்த சிறுத்தையை மறையவிட்டு, வழியில் நிற்கும் யானைக்கு வழிவிட்டுக் காத்திருக்க மக்கள் பழகும்போது கூண்டின் தேவை குறையும். பஸ்ஸின் யன்னலுக்குப் பின்னால் ஒரு மணித்தியாலம் அடங்கி அமர்ந்திருப்பது மனிதருக்குப் பெருந்துன்பமன்று. வாழ்நாள் முழுவதும் அடைபட்டுக் கிடந்த உயிர்களுக்கு அவர் செலுத்தும் சிறு கைம்மாறு அது.